வயலுக்குள் இறங்கிய நேர்முகப் பரீட்சை

லொறி ஓட்டத் தெரிந்தவனெல்லாம் லொறி ஓட்டப் பழக்கிவிடுவான் என்று நினைப்பது, சாப்பிடத் தெரிந்தவனெல்லாம் சமைத்துவிடுவான் என்று நினைப்பது மாதிரித்தான். இந்த ஞானம் எனக்குப் புத்தகம் படித்து வரவில்லை. முழங்கால் சேற்றில் நின்றபோது வந்தது.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி, யுத்த காலம். உக்குவளையில் குடியிருந்துகொண்டு, தம்புள்ளையிலிருந்து வவுனியாவுக்கு மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். வழி நெடுகச் செக்பொயின்ட். ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டும். ஒரு தடவை என் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு, விசாரிக்க வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டார்கள். ஏற்றிப்போன தக்காளி எல்லாம் அழுகிவிட்டது. நான் அழுகாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

என் மனைவி பவளம் அந்த இரண்டு நாளும் அடுப்பே மூட்டவில்லையாம். என்னைக் கண்டதும் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "இனிமே அந்தப் பக்கம் லொறி எடுத்தீங்கன்னா, நானும் கிளீனரா ஏறிக் குந்திக்குவேன்," என்றாள். (சொன்னால் செய்கிறவள்.) பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து சேர்கிற வேலை ஒன்றை நான் தேடியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

மாத்தளை டவுனில் ஒரு லேர்னர்ஸ் ஸ்கூலில், லொறி பழக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை விட்டால் வேறு யார்? கனரக வாகன லைசன்ஸ் இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது. இரத்தோட்டை வளைவுகளில் தேயிலை லொறியைப் பின்பக்கமாகவே ஏற்றியவன் நான். இவ்வளவு தகுதியையும் ஒரே ஆளாகச் சுமப்பது எனக்கே பாரமாக இருந்தது.

பவளம் சட்டைக்கு அயர்ன் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பினாள். ஸ்கூலில் இருந்த கிளார்க், "முதலாளி ஹாஜியார் வெளிய போயிட்டாரு. இந்தா, புதுசா ஒருத்தர் பழக வந்திருக்காரு. அவரக் கூட்டிட்டுப் போய்ப் பழக்குங்க. முதலாளி வந்து கேட்டுக்குவாரு," என்றார்.

வந்திருந்தவர் சாரமும் தோளில் துவாயுமாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். லக்கலப் பக்கம் விவசாயமாம். "தம்பி, எனக்கு மாட்டு வண்டில் மட்டுந்தான் ஓட்டத் தெரியும்," என்றார்.

"பயப்படாதீங்கண்ணே. நான் இருக்கேன்ல," என்றேன். (இன்று நினைத்தாலும் காது கூசுகிறது.)

டவுனுக்கு வெளியே, வயல் ஓரமாகப் போகும், அவரே காட்டிய ஒரு குறுக்கு ரோட்டில் லொறியை நிறுத்தி, அவரை ஓட்டுநர் சீட்டில் ஏற்றினேன். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் ஏனோ கிளாசைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளச்ச அமத்துங்க. கியர் போடுங்க. இப்ப மெதுவா விடுங்கண்ணே."

"எவ்வளவு மெதுவா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

"கொஞ்சம் என்டா எவ்வளவு தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். பத்து வருடமாக என் கால் செய்துவந்த வேலையை அது வாய்க்கு ஒருநாளும் சொன்னதே இல்லை. "அது... ஒரு மாதிரி வரும்ணே. வர்றப்ப தெரியும்," என்றேன்.

அவர் காலைப் படக்கென்று எடுத்தார். லொறி ஒரு பாய்ச்சல் பாய்ந்து நின்றது. என் நெற்றி முன்கண்ணாடியில் மோதியதில், பவளம் பூசிவிட்ட திருநீற்றில் பாதி கண்ணாடிக்குப் போய்விட்டது.

எப்படியோ முதல் கியரில் லொறி ஊர ஆரம்பித்தது. ரோடு இடப்பக்கம் வளைந்தது. "இடப்பக்கம் திருப்புங்கண்ணே," என்றேன். திருப்பினார். அழகாகத் திருப்பினார். வளைவு முடிந்தது. அவர் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஐயோ அண்ணே, ரோட்டப் பாருங்க!"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே திருப்பினார். நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்பது என் நினைப்பு. பழக்குகிறவனுக்கென்று தனியாக ஒரு பிரேக் என் இடப்பக்க ஓரத்தில் இருந்தது. என் காலோ பழக்கதோஷத்தில், ஓட்டுநர் சீட்டில் பிரேக் எங்கே இருக்குமோ அங்கே போய் வெறும் தகட்டை மிதித்துக்கொண்டிருந்தது. "மாரியம்மா! தாயே!" என்று நான் அலற, லொறி அவசரமே இல்லாமல் வயலுக்குள் இறங்கி, சில்லு புதைந்து நின்றது.

"அண்ணே, அடிகிடி பட்டிச்சா?" என்று கேட்டேன்.

அவருக்கு ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை இன்னும் இடப்பக்கமாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நீங்க திருப்பத்தானே சொன்னீங்க தம்பி? நிமித்தச் சொல்லல்லயே," என்றார்.

இறங்கினேன். சேறு முழங்கால் வரை வந்தது. வேலை போச்சு. வேலை கிடைக்கும் முன்னமே போச்சு. இனி மறுபடி வவுனியா லொறிதான், மறுபடி செக்பொயின்ட்தான். பவளத்துக்கு என்ன சொல்வேன் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. (சேறு தெறித்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன்.)

அப்போது ஒரு ட்ரெக்டர் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடவே இல்லை. பக்கத்து வயல்காரர் டிங்கிரி பண்டா சங்கிலியும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார். கடை வாசலில் இருந்து ஒரு குரல்: "என்ன ஹாஜியார், இண்டைக்கும் இன்டர்வியூவா?"

ஹாஜியார்!

சாரத்தை மடித்துக் கட்டியபடி அவர் லொறியிலிருந்து இறங்கி வந்தார். வயலும் அவருடையதுதான். ஆள் எடுக்கும் முறையும் அவருடையதுதான். "அறுவட முடிஞ்சி, மழத் தண்ணி நின்டு சும்மாதானே கெடக்குது," என்றார், சாதாரணமாக. கடை வாசலில் இருந்தவர்களுக்கு இது மாதக்கணக்காக நடக்கும் வேடிக்கையாம்.

"எத்தனையோ பேர் வந்தாங்க தம்பி. எல்லாருக்கும் லைசன்ஸ் ஈக்கி, அனுபவம் ஈக்கி. வயலுக்குள்ள எறங்கின ஒடனே ஒருத்தர் எங்க உம்மாவ இழுத்து ஏசினார். இன்னொருத்தர் லொறி எறங்க முந்தியே கதவத் தொறந்து பாஞ்சிட்டார். அடிபட்டிச்சா என்டு கேட்ட மொத ஆள் நீங்கதான்."

(ஏச்சு வராததற்கு என் நல்ல குணம் காரணமில்லை. வாய் முழுக்க மாரியம்மன் இருந்தாள்.)

"அப்ப... வேலை?" என்றேன்.

"ஒங்களுக்குப் பழக்கத் தெரியா. சுத்தமாத் தெரியா. அத நான் சொல்லித் தாறேன். மத்தத யாராலயும் சொல்லித் தர ஏலா. நாளைக்குக் காலையில வாங்க. பழைய சட்ட போட்டுட்டு வாங்க."

சேறும் சட்டையுமாக வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பவளம் சிரித்தாள். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். யுத்தம் முடியும் வரையும், முடிந்த பிறகும், அந்த ஸ்கூலில்தான் வேலை பார்த்தேன். வெளியே போனவன் திரும்புவானா என்று வீட்டுக்கு வீடு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், நான் நாள் தவறாமல் விளக்கேற்றும் நேரத்துக்கு வீட்டில் இருந்தேன். ஹாஜியார் மட்டும் இல்லாவிட்டால் என் கதி என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மனுசன் நல்லா இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அன்று தொடங்கிய பழக்கம் ஒன்று இருக்கிறது. பீங்கான் உடைந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், யார் செய்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். அதையும் சொல் மாறாமல், "அண்ணே" உட்படக் கேட்க வேண்டும்.

போன வருடம் மகள் கொழும்பிலிருந்து போன் பண்ணினாள். இவ்வளவு காலம் படித்து எழுதிய பரீட்சையில் பெயிலாகிவிட்டாளாம். சொல்லி முடிக்கும் முன்பே விம்ம ஆரம்பித்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேனே" என்று தொடங்க வாயைத் திறந்தேன். பவளம் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, அடிகிடி பட்டிச்சா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல் வந்தது.

"லேசாத்தாண்ணே. ட்ரெக்டர அனுப்புங்க."