மானுக்கு எடுத்த பயத்தம் உருண்டை

ஒருவரின் குணம் பேச்சில் தெரிகிறதோ இல்லையோ, பலகாரத் தட்டின் முன்னால் கட்டாயம் தெரிந்துவிடும். என் குணத்தை மறைக்க நானும் ஒருநாள் முயன்றேன். முழுதாக ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பது வயது, திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை. இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. "பொடியன் நல்லவர்தான். ஆனா தட்டை வைக்க முதலே ரெண்டு வடை போயிட்டுது" என்று ஒரு வீட்டார் சொன்னார்களாம். (மூன்று வடை. பெருந்தன்மையானவர்கள், குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.)

மூன்றாவது வீட்டுக்குப் புறப்படும்போது அக்கா எச்சரித்தாள். "மெதுவாக் கதை. இனிப்பைத் தொடாதை. நிதானமான ஆள் மாதிரி இரு." நான் விரும்பிப் போடும் கிளிப்பச்சைச் சேட்டை அலுமாரியில் பூட்டிவிட்டு, அண்ணனின் சாம்பல் நிறச் சேட்டை மாட்டிவிட்டாள்.

பெண் வீடு கோட்டைப் பக்கம். யாழினி தேநீர் கொண்டுவந்தாள். தகப்பன் சொன்ன ஏதோ பகிடிக்கு, மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்களே என்றுகூடப் பாராமல் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவிவிடக் கூடாதே என்று இரண்டு கைகளையும் மடியில் கோர்த்து வைத்துக்கொண்டேன்.

"எடுங்கோ தம்பி" என்று தகப்பன் பயத்தம் உருண்டைத் தட்டை நீட்டினார்.

"எனக்கு இனிப்பு பிடிக்கிறேல்லை" என்றேன். அக்காவின் முகம் மலர்ந்தது.

சாதகம் பார்க்கப் பெரியவர்கள் உள்ளே போனார்கள். யாழினியும் கோப்பைகளோடு குசினிக்குப் போனாள். தட்டும் நானும் தனித்துவிடப்பட்டோம். மூன்று உருண்டைகள் சேட்டுப் பைக்குள், ஒன்று வாய்க்குள், நான் முற்றத்தில்.

முற்றத்தில் ஒரு மான் நின்றது. எங்கள் ஊரில் மான்கள் வீதியில் சாதாரணமாகத் திரியும். தீனியை மோப்பம் பிடிப்பதில் என்னைவிடக் கெட்டித்தனம். நேரே வந்து பையைக் கவ்வியது. வாய் நிறையப் பயத்தம் மா, கத்தவும் ஏலாது. நான் பின்னால் போக, பை கிழிந்து, பூச்சாடி விழுந்து உடைந்தது. வீடே வெளியே ஓடிவந்தது.

"என்ன தம்பி இது?"

விழுங்கினேன். "மானுக்குத்தான் எடுத்தனான்."

யாழினி என்னை நிதானமாகப் பார்த்தாள். "அப்ப உங்கட மீசையில ஒட்டியிருக்கிற மா?"

வீடு வரும்வரை அக்கா என்னைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் மறுநாள், பெண்ணுக்குச் சம்மதம் என்று தகவல் வந்தது. ஏன் சம்மதித்தாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன்.

"ஒரு பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாத மனிசன். நம்பிக் கட்டலாம் எண்டு நினைச்சனான்."

இப்போது எந்த வீட்டில் பலகாரத் தட்டு வந்தாலும், என் மகள் எழுந்து வந்து என் கிளிப்பச்சைச் சேட்டின் பையை விரித்துப் பிடிக்கிறாள்.

"அப்பா, மானுக்கு?"