தெற்குச் சித்திரை வீதியில் அப்பா

போலீஸிடம் நான் ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். "எல்லாம் செக் பண்ணிட்டேன் சார்" என்பதுதான் அது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கண்ட்ரோல் ரூம்களுக்கு எல்.இ.டி. வீடியோ சுவர் அமைத்துத் தரும் கம்பெனியில் வேலை. ஸ்ரீரங்கத்தில் திருவிழாக் கூட்டத்தைக் கண்காணிக்க ஒரு கல்யாண மண்டப அறையில் அப்படி ஒரு சுவரை நிறுத்தினேன். நான்கு வீதிகளின் கேமராக் காட்சி, நான்கு கட்டங்கள். வீதிப் பெயர்களை நானே எழுதி ஒட்டினேன். (கையெழுத்து அழகாக இருப்பதாக இன்ஸ்பெக்டரே சொன்னார். அதற்கு மேல் என்ன செக் பண்ணுவது?)

மறுநாள் காலை அம்மா போனில் அழுதாள். காட்டூரிலிருந்து அப்பாவும் அவளும் சாமி கும்பிட வந்திருந்தார்கள். கூட்டத்தில் அப்பாவைக் காணோம். அவர் சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடவில்லை. போனும் அம்மாவின் பையில்.

திரையைப் பார்த்தேன். ஆயிரம் தலைகளுக்கு நடுவே அப்பா! ஒரு கடைப் பந்தலின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதட்டை நக்கிக்கொள்வதுகூடத் தெரிந்தது. படம் அத்தனை துல்லியம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. (இதை இதுவரை வீட்டில் சொன்னதில்லை.)

"தெற்குச் சித்திரை வீதி சார்! நீலச் சட்டை!"

இன்ஸ்பெக்டர் வாக்கி டாக்கியில் சொன்னார். சற்று நேரத்தில் பதில் வந்தது. "அப்படி யாரும் இல்லைங்க ஐயா."

"இதோ நிக்கிறார் சார், நல்லாப் பாக்கச் சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டர் திரையருகே போனார். "ஏம்மா, உங்க அப்பா பக்கத்துல ஒரு போலீஸ்கூட இல்லையே. அதோ, இன்னொரு கட்டத்துல ரெண்டு போலீஸ் தேடிக்கிட்டு ஓடுறாங்க பாருங்க. அது எந்த வீதி?"

ஓடியவர்களுக்குக் கீழே என் அழகான கையெழுத்தில் 'வடக்கு' என்று இருந்தது.

தெற்கு, வடக்கு கேமராக்களின் ஒயர்களை மாற்றிச் செருகியிருந்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். என் முன்னால் அத்தனை தெளிவாகத் தெரிந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க என்னால் முடியவில்லை.

நல்ல வேளையாக ஒரு பூக்காரம்மா அவர் வாயில் சர்க்கரைப் பொங்கலை ஊட்டினார். வடக்கு வீதிப் போலீஸ்காரர்கள் வந்து சேர்ந்தபோது அப்பா கண் திறந்துவிட்டார்.

"இன்னிக்கு உங்க அப்பா. கூட்டம் நெரிஞ்சிருந்தா என்னம்மா பண்ணியிருப்போம்?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு கேமரா முன்னாலும் ஓர் ஆளை நிறுத்திக் கையசைக்கச் சொல்லி, பார்த்த பிறகுதான் பெயர் ஒட்டுகிறேன். வீட்டில் அதற்கெல்லாம் மதிப்பில்லை.

போன வாரம் என் கணவர் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். "ஃப்ரிட்ஜ் மேல இருக்கு" என்றேன்.

"அப்ப கீழ பாருங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா.

கீழேதான் இருந்தது.