சாவியைப் பிடித்த திருஷ்டி

மனிதகுலத்தின் மாபெரும் ஆராய்ச்சிகளில் ஒன்று திருச்சுழிக் கல்யாண மண்டபத்து வாசலில், சுப்புராஜ் அண்ணாச்சியின் புதுக் காருக்குள் நடந்தது. உலகம் இன்னும் அதைக் கொண்டாடவில்லை என்றால் அது உலகத்தின் குற்றம்.

அருப்புக்கோட்டையில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவர் அண்ணாச்சி. ஒரே மகள் பிரவீணாவின் நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் கண் விரிய வந்து இறங்க வேண்டும் என்றே, அன்று காலையில் ஷோரூமில் பூசை போட்டு எடுத்த ஆட்டோமேட்டிக் கார் அது. வந்தார், கண்களும் விரிந்தன. இறங்கத்தான் முடியவில்லை. கியரைப் பார்க்கிங்கில் போட்டால்தான் அந்தக் காரில் சாவி கழலும். போட்டார். கழலவில்லை. திருகினார், இழுத்தார், குலசாமியைக் கூப்பிட்டார். ம்ஹூம். சாவியோடு விட்டுப் போனால் மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் பரளச்சி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிடுவார்களே! ஷோரூமுக்குப் போன் போட்டார்.

"மின்னணுப் பழுதறியும் பிரிவின் முதன்மை அலுவலர்" ஜெயக்குமார், மடிக்கணினியும் கழுத்தில் அட்டையுமாக வந்து சேர்ந்தார். ஆகா, என்ன கம்பீரம்! ஸ்டியரிங்குக்கு அடியில் வயரைச் செருகினார். பியூஸ்களைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே ஓர் "அவசர ஆலோசனைக் கூட்டம்" நடத்தி, தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினார்.

"அண்ணாச்சி, எர்த்து பத்தல."

"அப்படின்னா?"

"நம்ம பக்கம் காஞ்ச பூமி. மண்ணுல ஈரம் இருந்தாத்தான எர்த்து பிடிக்கும்? டயரைச் சுத்தித் தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

சமையல்கட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. பந்தியில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. கார் சேற்றில் நின்றது. சாவி அசையவில்லை.

அண்ணாச்சியின் மனைவி கஸ்தூரி ஓடி வந்தார். "ஏங்க, நல்ல நேரம் முடியப்போகுது! தட்டு மாத்தப் பொண்ணோட அப்பாவத் தேடுறாக."

"இந்தா வாரேன். தம்பி கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்காரு."

"சென்சாருக்கும் சாவிக்கும் கருத்து வேறுபாடு. மேலிடத்துல கேக்கணும்" என்றார் ஜெயக்குமார்.

உள்ளே மேளம் கொட்டியது. அண்ணாச்சி சாவியை இன்னொரு தரம் திருகினார். கஸ்தூரி பொறுமையிழந்து காருக்குள் தலையை நீட்டினார்.

"அதென்ன, கியருக்கு அடியில இம்புட்டுத் தண்டி முடிச்சு?"

கறுப்புத் திருஷ்டிக் கயிறு. நடுவே ஓர் எலுமிச்சம்பழம். கியரைப் பார்க்கிங்கில் முழுசாக உட்கார விடாமல் முட்டிக்கொண்டிருந்தது. கஸ்தூரி குனிந்து கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். கியர் டக்கென்று உட்கார்ந்தது. சாவி சமர்த்தாகக் கையோடு வந்தது.

இருவரும் உள்ளே ஓடினார்கள். நேரம் தப்பிவிடும் என்று தாய்மாமன் ஹரியே தட்டு மாற்றி முடித்திருந்தார்.

"சாவி வந்துருச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள் பிரவீணா.

அண்ணாச்சி விறுவிறுவென வெளியே வந்தார். காருக்குள் ஜெயக்குமார் பக்தி சிரத்தையோடு புதுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இது இன்னும் தடிமன்.

"காலையில பூசையில நான் கட்டுனது மெல்லிசு அண்ணாச்சி. அதான் திருஷ்டி தாங்கல. இது எங்க கம்பெனியோட இலவச சேவை. மறக்காம அஞ்சு ஸ்டாரு போட்டுருங்க."

அண்ணாச்சி கயிற்றை அவிழ்த்தார். மடிக்கணினியை மூடி, அந்தக் கயிற்றால் நாலு பக்கமும் சுற்றி, பல்லுக்கும் மசியாதபடி முடிச்சுப் போட்டார்.

"கட்டுனதும் நீங்க, வந்து தேடுனதும் நீங்க. எம்மக நிச்சயத்துல என்னைய வாசல்ல கட்டிப்போட்டதும் உங்க கயிறுதான். இம்புட்டு அறிவுக்கும் ஊர்க்கண்ணு பட்டுரும் தம்பி. அவுக்காதீக."