இரவல் ஓநாய்

காவலர்கள் என்றொரு இனம் இருக்கிறது. காக்கிச் சட்டைக்காரர்களைச் சொல்லவில்லை. ஜப்பானியக் கார்ட்டூன் படங்களில், வெள்ளிக் கூந்தல் இடுப்புவரை தொங்க, அகலக் கை வைத்த பழங்கால அங்கி அணிந்து, கதாநாயகி தடுக்கி விழப்போகிற சமயம் பார்த்து மரக்கிளையிலிருந்து குதிப்பாரே, அந்த அமானுஷ்யப் பேர்வழியைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் அவர் படத்தை அறைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஒட்டட்டும். சுவரில் இருக்கிறவரை அவரால் தொந்தரவில்லை. ஜப்பானில் நான் குடியிருக்கும் இந்த மலையூரில் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். படம் வரைகிறவர்கள் எதையெல்லாம் வரையாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் காற்று. இவர் வருவதற்கு முன் காற்று வந்தாக வேண்டும். சன்னல் எல்லாம் சாத்திய அறையாக இருந்தாலும் எங்கிருந்தோ ஒரு காற்று கிளம்பி, இவர் கூந்தலைப் பக்கவாட்டில் பறக்கவிட்டு, மேசைமேல் இருந்த மின்கட்டண ரசீதை அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செருகிவிட்டுத்தான் அடங்கும். பிறகு முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு நிற்பார். முழு முகத்தையும் காட்டிப் பேசுவது இந்த இனத்தின் கௌரவத்துக்குக் குறைச்சல். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார். மின்கம்பத்தின் உச்சியில் ஒற்றைக்காலில் நிற்பார். மனிதர்களையே பிடிக்காது என்பார். சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜில் நீங்கள் பெயர் எழுதி ஒட்டி வைத்த புட்டிங்கைச் சாப்பிடுவார். சண்டை என்று வந்தால், அடிப்பதற்கு முன் அந்த அடியின் பெயரை உரக்க அறிவிப்பார்: "வெண்கோரைப்பல்! பனிப்புயல் வடிவம்!" எதிரியும் மரியாதை தெரிந்தவன், அறிவிப்பு முடிகிறவரை காத்திருப்பான். காயம் பட்டால் "வெறும் கீறல்" என்பார். என்றபடியே மயங்கி விழுவார். விழுகிற இடத்தில் எப்போதும் ஒரு பெண்ணின் மடி இருக்கும். எப்படி? அதுதான் அமானுஷ்யம்.

இத்தனைக்கும் அவருக்கு இருப்பது ஒரே ஒரு வசனம்: "உன்னைக் காப்பேன்." எதிலிருந்து என்று கேட்டுப் பாருங்கள். "நீ அறிய வேண்டியதில்லை" என்று பதில் வரும். அவருக்கே தெரியாது என்பது என் சந்தேகம்.

எங்கள் மலைக்கோயில் தெய்வத்துக்கு ஓநாய்கள் ஏவலாட்கள். கேட்கிற குடும்பத்துக்கு ஓர் ஓநாயை இரவல் தருவார்கள். கையில் கிடைப்பது ஓநாய்ப் படம் அச்சிட்ட தாள். தாளோடு, மேலே சொன்ன வெள்ளிக்கூந்தல் உருவத்தில் ஆளும் வந்துவிடுவார். வீட்டு மாடத்தில் வைத்துக் கும்பிட்டு, வருஷம் திரும்பியதும் கோயிலில் ஒப்படைத்துவிட வேண்டும். மறுபடி வேண்டுமானால் வேறு ஓநாய் வாங்கிக்கொள்ளலாம். குப்பையைக்கூட வகை பிரித்து, கிழமை தவறாமல் போடுகிற இந்த ஊர்க்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசந்துபோகிறார்கள். இரவல் வந்தவர் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறார்.

என் பக்கத்து வீட்டு நட்சுயோ சான் ('சான்' இந்த ஊர் மரியாதை விகுதி) அப்படி அசந்தவர்களில் ஒருவர். அவருடைய கணவர் ஒரு பனிக்காலத்தில் பள்ளத்தாக்கு வளைவில் வண்டி சறுக்கி இறந்துபோனார். காரியங்கள் முடிந்த கையோடு நட்சுயோ சான் மலையேறிப் போய், மகள் இபுகிக்காக ஓர் ஓநாயை வாங்கி வந்தார். ஓநாயின் பெயர் டோகிவா. அப்போது பள்ளிச் சீருடையில் திரிந்த இபுகி வேலைக்குப் போகிற வயதுப் பெண்ணாகிவிட்டாள். அப்போதும் டோகிவா மாடத்தில்தான் இருந்தார்.

வேலை என்றேன் அல்லவா, அதுதான் சிக்கல். மலைக்கு வந்துகொண்டிருந்த பேருந்தை நிறுத்திவிட்டார்கள். வயதானவர்களை வீடு வீடாக ஏற்றிப் பகல் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோக ஒரு வேன் வாங்கி, அதை ஓட்டும் வேலையை இபுகிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மார்ச் முடிவதற்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறு ஆள். இபுகிக்கோ இந்த மலையை விட்டுப் போக மனமில்லை; மலையில் வேறு வேலையும் இல்லை.

ஓட்டுநர் பள்ளியில் சாலைத் தேர்வு நடக்கும்போது, அடுத்து ஓட்ட வேண்டியவர் பின்சீட்டில் இருப்பது வழக்கம். அடுத்து ஓட்ட வேண்டியவன் நான். டோகிவா, தான் காக்கிற ஆளுக்கும், என்னைப்போல் எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கும் மட்டுமே தெரிவார். தேர்வாளர் குமகாய் எதற்கும் படபடக்காதவர்.

இபுகி அழகாகத்தான் ஓட்டினாள். தூரத்தில், எதிர்ச்சாரியில், தன் பாட்டுக்கு ஒரு லாரி வந்தது. அவ்வளவுதான். காற்று கிளம்பியது. இரு கைகளையும் விரித்துக்கொண்டு டோகிவா எங்கள் காருக்கு முன்னால் குதித்தார். இபுகி பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி முன்சீட்டில் மோதியது. குமகாய் காலிச் சாலையைச் சற்று நேரம் பார்த்தார்.

"எதுக்குங்க பிரேக் போட்டீங்க?"

"குறுக்க ஒருத்தர் வந்துட்டாரு சார்."

"ஒரு காக்கா கூட இல்லையேம்மா ரோட்டுல."

தேறவில்லை. பள்ளி வாசலில் இபுகி டோகிவாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு அறிவிருக்கா? அந்த லாரி எங்கயோ போயிட்டிருந்துச்சு!"

"பேரிடர் உன்னை நெருங்கியது, மானிடப் பெண்ணே."

"பேரிடரே நீதான். என் வேலை போகப்போகுது. அதை யாரு காப்பாத்துவா?"

இந்த இனத்தைக் குறை சொன்னால் கோபித்துக்கொண்டு போய் மழையில் நிற்கும். அன்று மழை இல்லை. டோகிவா மழை வருகிறவரை காத்திருந்து நின்றார்.

இரண்டாவது தேர்வில் லாரிகூட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியை நோக்கி ஒரு காய்ந்த இலை வந்தது. டோகிவா அடியின் பெயரை அறிவித்து, வாளை உருவி, அதை இரண்டாக வெட்டி முடிப்பதற்குள் பச்சை விளக்கு விழுந்து, மஞ்சளாகி, சிவப்பும் ஆகிவிட்டது. வண்டி நகரவேயில்லை. குமகாய் பெருமூச்சு விட்டார். மார்ச்சுக்குள் இனி ஒரு தேர்வுக்குத்தான் இடம் இருந்தது.

மறுநாள், வீடு வீடாகக் கைமாறும் தெருச் சுற்றறிக்கைப் பலகையைக் கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, இபுகி மாடத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டிருந்தாள். நட்சுயோ சான் வாசலை மறித்து நின்றார்.

"அதை எங்கடி கொண்டுபோற?"

"கோயிலுக்கு. திருப்பிக் குடுக்க."

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"இவரு இருந்தா எனக்கு எதுவுமே நடக்காதும்மா. நல்லதும் நடக்காது."

"உங்கப்பாவும் பயப்படாதேன்னுட்டுத்தான் வண்டியை எடுத்தாரு."

நான் பலகையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் நின்றேன்.

"தெரியும்மா," என்றாள் இபுகி. "அந்த வளைவுல நான் எப்படி ஓட்டறேன்னு ஒரு நாள் என் கூடவே உக்காந்து பாரு. இவரை நம்பி நான் ஓட்டல."

நட்சுயோ சான் குனிந்து, தானும் செருப்பை மாட்டிக்கொண்டார். பலகையும் கையுமாக நானும் பின்னாலேயே போனேன்.

கோயில் முகப்பில் இருந்த பூசாரியம்மா தாளைப் பார்த்ததும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அட, டோகிவா! உங்க வீட்டுலயா இருந்தாரு? தேடாத இடமில்லையே நாங்க. இவரு முன்னாடி இருந்த வீட்டுப் பையனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, இன்னும் சைக்கிள் விடத் தெரியாது."

டோகிவா முதல்தடவையாக முகத்தை முழுசாகத் திருப்பினார். சிவந்திருந்தது.

"நான் இல்லாமல் நீ..." என்று ஆரம்பித்தார்.

"புட்டிங் வாங்கிட்டு வந்து பாக்கறேன்," என்றாள் இபுகி. "அழாதே."

நட்சுயோ சான் பூசாரியம்மாவின் காதருகே குனிந்தார். "வேற ஓநாய் ஏதாச்சும்... கொஞ்சம் சாதுவா..."

"அம்மா!"

"சும்மா கேட்டேன்டி."

மூன்றாவது தேர்வு. நானும் இன்னும் தேறியிருக்கவில்லை; பின்சீட்டில் நானேதான். சிடார் மரங்களுக்கு நடுவே சாலை திரும்புகிற இடத்தில் இபுகி மறுபடியும் பிரேக் போட்டாள். இந்தத் தடவை என் நெற்றி எங்கும் மோதவில்லை. வண்டி பதமாக நின்றது. ஒரு காட்டுப்பன்றி, பின்னால் குட்டிகள் வரிசையாக ஓடிவர, சாவகாசமாகச் சாலையைக் கடந்தது. குமகாய் கடைசிக் குட்டி போகிறவரை பார்த்தார்.

"இந்தத் தடவை நிஜமாவே இருந்துச்சு," என்றார். தேறிவிட்டாள்.

இப்போது இபுகி வேன் ஓட்டுகிறாள். முதல் வாரமே எங்கள் தெரு முனைத் தூணில் உரசி, இறங்கி, பெயின்ட் போன இடத்தைத் தடவிப் பார்த்து, பின்னால் இருந்த தாத்தாக்களிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஏறி ஓட்டிக்கொண்டு போனாள். நட்சுயோ சான் வாசலில் நின்று அத்தனையையும் பார்த்தார். கை பாதி உயர்ந்தது; தடுக்கிறதா, டாட்டா காட்டுகிறதா என்று அதற்கே தெரியவில்லை. கடைசியில் டாட்டாதான் காட்டியது.

சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நம் வீட்டில் ஓநாயும் இல்லை, வாளும் இல்லை, தலையில் இருந்த நாலு முடியும் போய்விட்டது, இந்த இனத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சரி. ஸ்கூட்டர் ஓட்டுகிறேன் என்ற மகளிடம், மழை விடட்டும் என்றீர்கள். மழை விட்டதும், ரோடு போட்டு முடிக்கட்டும் என்றீர்கள். ரோடு போட்டதும், இனி எல்லாரும் வேகமாக வருவான்கள் என்றீர்கள். போகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஸ்கூட்டர் சாவி இப்போது யார் சட்டைப்பையில் இருக்கிறது?

தொட்டுப் பாருங்கள்.