பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று

எனக்குப் பொறுமை கிடையாது. கணக்கில் பட்டம் வாங்கியவள் சொல்லக் கூடாத விஷயம்தான். ஆனாலும் உண்மை அதுதான். என் கல்யாணமே ஒருமுறை அதில் மாட்டிக்கொண்டு முழித்தது.

எழுபதுகளின் கடைசி. டெல்லி கரோல் பாக்கில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மோதி பாக்கிலிருந்து ஒருவர் தன் அம்மாவோடு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்.

"பாடுவியாம்மா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"பாட்டு வராதுங்க. ஆனா ஒரு நம்பர் சொல்றேன்." (கதவோரத்தில் நின்ற என் அம்மா கண்ணாலேயே என் காதைத் திருகினாள்.)

1111111. ஏழு ஒன்றுகள். இது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று அளந்துவிட்டேன். சும்மா இல்லை, ஒரு ஞாயிறு முழுக்க 2, 3, 5, 7 என்று தொடங்கி 199 வரை நாற்பத்தாறு பகா எண்களால் வகுத்துப் பார்த்திருந்தேன். ஆயிரத்தைத் தாண்டிப் பார்த்தால்தான் நிச்சயம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கை வலித்தது. இத்தனை பேருக்கு மசியாதது இனிமேலா மசியப்போகிறது என்று நோட்டை மூடிவிட்டேன்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றார் மாப்பிள்ளை. அவர் வாய் திறந்ததே அப்போதுதான்.

"வேணும்னா நீங்களே வகுத்துப் பாருங்க!" (திமிரைப் பாருங்கள்.)

"போயிட்டு லெட்டர் போடறோம்" என்று கிளம்பினார்கள். ஒரே ஊர், ஒரு பஸ் தூரம். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

ஐந்தாம் நாள் தபால் கார்டு வந்தது. ஒரே வரி. "239 ஆல் வகுபடுகிறது."

அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிங்கறாங்களா, வேண்டாங்கறாங்களா?"

"பாட்டு வராதுன்னு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். இவளை எவன் கட்டுவான்!" என்றாள் அம்மா.

நான் நோட்டை எடுத்து வகுத்தேன். ஈவு 4649. மீதி பூஜ்யம். நான் நிறுத்திய இடத்திலிருந்து ஆறே ஆறு வகுத்தல்தான் பாக்கி இருந்திருக்கிறது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் கணக்கு சரியா என்று கேட்ட மனுஷர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அப்பாவுக்குத் தெரியாமல் நானும் ஒரு கார்டு போட்டேன். "199 வரைதான் பார்த்தேன். மிச்சத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்."

அடுத்த ஞாயிறு அம்மாவும் பிள்ளையும் நேரில் வந்து நின்றார்கள்.

"சம்மதம்னு எழுதி ஒரு வாரமாச்சு, உங்ககிட்டேருந்து பதிலே காணோமே?" என்றார் அந்த அம்மாள்.

"நான் கணக்கை மட்டும்தாம்மா எழுதினேன். சம்மதத்தை நீ எழுதியிருப்பேன்னு நெனச்சேன்" என்றார் பிள்ளை.

"அடப்பாவி! கார்டு போட்டாச்சுன்னு நீதானேடா சொன்னே?"

"அச்சா, அச்சா!" என்றார் அப்பா. சந்தோஷம் வந்தால் அவருக்கு இந்தி வந்துவிடும்.

அன்றிலிருந்து நான் எதையாவது அடித்துச் சொன்னால், "எது வரைக்கும் வகுத்தே?" என்பார் என் கணவர். சொந்தக்காரர்கள் வாயிலும் அது ஏறிவிட்டது. போன வருஷம் எங்கள் மகள், "இவன்தான்ப்பா, வேற யாரும் வேண்டாம்" என்று வந்து நின்றபோதும் அதையேதான் கேட்டார்.

"அம்மாவுக்கு முன்னாடி நீங்க எத்தனை பேரைப் பாத்தீங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

ஓர் எண்ணை ஐம்பத்திரண்டு தடவை வகுத்துப் பார்த்த மனிதர், பெண் பார்க்கப் போனது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான்.