சேலை கட்டிய இம்பாலா

பிள்ளைகளே, கீழே இருக்கிற கராஜ் எங்களுக்குக் கிடைத்த அன்று, "அப்பா, இதுக்குள்ளை ஏன் ஒரு சீலை தொங்குது?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில், எங்களுக்கு முன் அந்தக் கராஜை வைத்திருந்த இம்பாலா அண்ணையில் இருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் இந்த டோர்ட்மண்ட் நகரில் கார் வைத்திருப்பவர்கள் ஏராளம். காருக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தபால்காரருக்கு மட்டும் அது தெரியும். அவரிடம் இருந்தது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்க இம்பாலா. காரின் நீளம் ஐந்து மீற்றருக்கு மேல், கராஜோ ஐந்து மீற்றர்தான். அதனால் காரின் பின்பக்கம் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கதவு பூட்டாது. வெயில் படக் கூடாதென்று அதன்மேல் ஒரு சேலையைப் போர்த்திவிட்டார். டோர்ட்மண்டில் வெயில் எங்கே என்று கேட்காதீர்கள். அவரது மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், கலியாண வீடொன்றுக்குக் கட்ட அந்தச் சேலையைத் தேடியபோதுதான் விஷயம் வெளிவந்தது.

அந்தக் காரில் ஏறுவதும் லேசில்லை. கதவு திறக்குமுன் வரலாறு கேட்க வேண்டும்.

"ஐம்பத்தெட்டிலை பிறந்தது, தம்பி. அப்ப பின்னுக்கு ஆறு வட்ட லைற். அடுத்த வருசமே செட்டை முளைச்சிட்டுது."

சிறகு போல இரண்டு பக்கமும் விரிந்து படுத்திருக்கும் அந்தச் செட்டைகளையும், கீழே பூனைக்கண் போன்ற சிவப்பு விளக்குகளையும் தடவிக் காட்டுவார். இம்பாலா என்பது ஆபிரிக்க மான் ஒன்றின் பெயர் என்பார். முன்னுக்கு மூன்று, பின்னுக்கு மூன்று, ஆறு பேர் இருக்கலாம் என்பார். ஒருமுறை வரலாறு முடியுமுன் பஸ் வந்துவிட்டது, நான் அதிலேயே போய்விட்டேன்.

"மானின்ரை பேர், பறவையின்ரை செட்டை, பூனையின்ரை கண். இது கார் இல்லை, மிருகக்காட்சிச்சாலை" என்றார் அக்கா. பிறகு தீர்ப்பும் சொன்னார். இந்த நாட்டில் முப்பது வயது தாண்டியும் பழையபடியே இருக்கிற காருக்குத் தனி நம்பர் தகடு கொடுப்பார்கள். அது கிடைத்தால் மான் நிற்கட்டும், கிடைக்காவிட்டால் விற்றுவிட வேண்டும்.

அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. பரிசோதனைக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், எடுத்தார். அவருடைய ஜெர்மனைவிட என்னுடையது ஒரு முழம் நீளம் என்பதால் என்னையும் கூட்டிப் போனார்.

அங்கே காரைப் பள்ளத்துக்கு மேலே விடச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்கவே, அண்ணை நாலு சில்லுக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழத்தை, எங்கள் தேசிக்காயை, வைத்து ஏற்றிவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகும் கார் அல்லவா? பரிசோதகர் பள்ளத்துக்குள் இறங்கினார். சாறு விளிம்பால் வழிந்து அவரது கழுத்தில் சொட்டியது. திரவம் ஒழுகுகிறது என்றார் அவர். ஒழுகும் காருக்குத் தகடு இல்லை. அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பரிசோதகர் கழுத்தைத் தடவி, விரலை மணந்து பார்த்தார். இன்னொருமுறையும் மணந்தார். மேலே ஏறி வந்து சில்லைப் பார்த்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்டார். கண்ணூறு, நாவூறு என்பதற்கு என்னிடம் ஜெர்மன் இல்லை. பொறாமைக்கு எதிரான தடுப்பூசி என்றேன். அவர் முகத்தில் அசைவே இல்லை. ஐம்பத்தொன்பதில் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தினார்களா என்று கேட்டார்.

"சொல்லும் தம்பி, கார்தான் வெளியாலை வந்த சாமான். தேசிக்காய் எங்கடை ஒறிஜினல்" என்றார் அண்ணை.

அப்படியே மொழிபெயர்த்தேன். பரிசோதகர் ஒவ்வொரு அங்கமாகப் பார்த்து முடித்தார். தகடு கிடைக்கும் என்றார். போகும்போது, பழம் ஒன்று மிச்சம் இருக்கிறதா, தன்னுடைய காரும் வெளியேதான் நிற்கிறது என்றார்.

அக்கா சொன்ன சொல்லில் நின்றார். அவர்கள் மகளிடம் கனடாவுக்குப் போனபோது காரும் கப்பல் ஏறியது. மான் தாய்வீட்டுக்குப் பக்கத்துக் காணிக்குப் போகுது என்றார் அண்ணை. சேலையில் ஒயில் மணக்குது என்று அக்கா அதைக் கராஜ் ஆணியிலேயே விட்டுவிட்டார்.

கராஜ் கிடைத்த அன்று, நீங்கள் மேலே போன பிறகு நான் தனியே நின்றேன். எங்கள் சின்னக் கார் கராஜுக்குள் முழுதாக அடங்கி, கதவும் பூட்டக்கூடியதாக நின்றது. பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. காரை ஒரு முழம் வெளியே எடுத்து நிறுத்தி, அந்தச் சேலையைப் பின்பக்கத்தில் போர்த்திவிட்டு மேலே வந்தேன்.