பக்கத்துலதான்!

விருந்தாளியைக் கண்டதும் கார் சாவியைத் தேடும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பார்க்க வேண்டிய இடங்களை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எல்லாமே பக்கத்தில்தான் இருக்கும். எவ்வளவு பக்கம்? அதை மட்டும் கேட்காதீர்கள்.

வேங்கிக்கால் வேடியப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பன்னாட்டு விளையாட்டுப் போட்டி நடக்கப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே, ஓடவும் தாண்டவும் வருகிற அத்தனை நாட்டுக்காரரும் அடுத்த பஸ்ஸில் திருவண்ணாமலைக்குத்தான் வரப்போகிறார்கள், அவர்களைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு தன் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று நம்பி, காருக்குப் புது சீட் கவர் மாட்டிக் காத்திருந்தவர் அவர். வந்தது என்னவோ ஒருவர்தான். போட்டியில் தன்னார்வலராக இருந்த அவருடைய தங்கை மகள் வினோதினி, போலந்து ஓட்டக்காரி ஒருத்தியின் தாயை அழைத்துவந்தாள். பெயர் ஹானா. ஆசை சின்னது: காலையில் மலையைப் பார்க்க வேண்டும், சாயங்காலம் மகள் ஓடுவதற்குள் சென்னை திரும்பிவிட வேண்டும்.

"மல எங்க ஓடிடப் போவுது? மொதல்ல சாத்தனூர் டேமப் பாத்துட்டு வந்துரலாம். பக்கத்துலதான்" என்றார் வேடியப்பன்.

"மாமா, அவங்க சென்னைக்குப் போவணும்."

"வடக்க போறதுக்கு முன்னாடி தெக்க பாத்துட்டா அந்த வேல முடிஞ்சுதில்ல?"

கார் தெற்கே போனது. அணையைப் பார்த்தார்கள். அங்கிருந்த பண்ணையில் முதலைகளைப் பார்த்தார்கள். முதலைகளுக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. திரும்பும்போது, இவ்வளவு தூரம் வந்தவர் ஜவ்வாது மலையைப் பார்க்காமல் போனால் நம் மாவட்டத்தைப் பற்றி போலந்து என்ன நினைக்கும் என்ற கவலை மாமாவைப் பிடித்துக்கொள்ள, வண்டி மலைப்பாதையில் ஏறியது. அங்கே ஒரு சாலைப் பிரிவில் நிறுத்தி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அவர் அருவிக்கு வழி கேட்டபோதுதான் வினோதினிக்குச் சந்தேகம் வந்தது.

"மாமா, இதுக்கு முன்ன நீங்க இங்க வந்துக்கிறீங்களா?"

"பக்கத்துலதான இருக்குது, எப்ப வேணா வந்துக்கலாம்னு உட்டுட்டேன்."

அருவியில் தண்ணீர் கம்மி. எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தபோது சென்னையில் ஓட்டம் தொடங்க இருந்தது. ஹானா சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வினோதினியின் போனைப் பார்த்தார். மகள் கோட்டுக்கு வந்து நின்றாள். ஓடுவதற்கு முன் பார்வையாளர் வரிசைகளை ஒருமுறை கண்ணால் துழாவினாள். யாரைத் தேடுகிறாள் என்று வினோதினி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வேடியப்பன் கார் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மகள் மூன்றாவதாக வந்தாள். ஹானா போட்ட கூச்சலில் கடைக்கார ஜோதியம்மாள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னாமா ஆச்சு?"

"இவங்க பொண்ணு மெடல் வாங்கிட்டா, அக்கா!"

அழுதுகொண்டே சிரித்த ஹானாவை ஜோதியம்மாள் அப்படியே கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மகளே வீடியோவில் கூப்பிட்டாள். எங்கே போனாய் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். தாய் பதில் சொல்வதற்குள் இடையில் ஒரு தலை நுழைந்தது.

"பாப்பா, ஓட்டம் முடிஞ்சுதில்ல? நாளைக்கு நீயும் வந்துரு, செஞ்சிக் கோட்டையப் பாத்துரலாம்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வருஷம் குடும்பத்தோடு வந்து உங்கள் வீட்டில் தங்கிய மைத்துனர், இந்த முறை மட்டும் ஏன் லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறார் என்று யோசித்தீர்களா?